ஹால் சீரமைப்புக் கூட்டம்: ஒரு வெற்றி அறிக்கை

மாபெரும் நாகரிகங்கள் எப்படி அழிந்தன என்று கேட்டால் வரலாற்று ஆசிரியர்கள் போர், பஞ்சம், வெள்ளம் என்று எதையாவது சொல்வார்கள். சும்மா. யாரோ ஒரு புண்ணியவான் துவைத்த துணியை சோஃபாமேல் கொட்டிவிட்டு, “அப்புறம் மடிச்சுக்கலாம்” என்று சொன்ன அன்றைக்கே அந்த நாகரிகத்தின் கதை முடிந்தது. எங்கள் வீட்டு ஹாலும் அந்தக் கட்டத்தில்தான் இருந்தது. அதைக் காப்பாற்றியவன் நான். தற்பெருமை என்று நினைக்கக் கூடாது, தகவலுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஹாலில் ஒரு சோஃபா இருப்பதாகக் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. துணிக்குவியலுக்கு அடியில்தான் எங்கேயோ இருக்க வேண்டும். மகன் வாங்கிய உடற்பயிற்சி சைக்கிளில் ஈரத் துண்டுகள் பயிற்சி செய்துகொண்டிருந்தன. மகள் ஆன்லைனில் வாங்கிய சாமான்கள் எல்லாம் உடைந்தோ தொலைந்தோ போய்விட்டன. அவை வந்த அட்டைப் பெட்டிகள் மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. என் பங்குக்கு ஓடாத டேபிள் ஃபேன் ஒன்றும், நிதானமாகப் படிக்கலாம் என்று எடுத்துவைத்த செய்தித்தாள் கட்டுகளும். ஜன்னலோரமாக என் மனைவியின் தையல் மெஷின். அந்த ஹாலிலேயே ஒழுங்காக வேலை செய்த பொருள் அது ஒன்றுதான்.

“என்னங்க, நாளைக்குக் காலைல தையல் கிளாஸ் ஆரம்பிக்கிறேன்” என்றாள் மனைவி. “நாலு பேர் வர்றாங்க. இந்த ஹாலை ஒழிச்சுக் குடுங்கன்னு எத்தனை வருஷமா கேக்கறேன்! இன்னிக்கும் நடக்கலைன்னா அவங்க வேற இடம் பாத்துப்பாங்க. என் ஆசையையும் ஒரு அட்டைப் பெட்டியில போட்டு மேல அடுக்க வேண்டியதுதான்.”

எனக்கு மனசு கேட்கவில்லை. வேறு யாராவதாக இருந்தால் உடனே துடைப்பத்தைத் தூக்கியிருப்பார்கள். நிர்வாகப் பிரிவில் காலம் தள்ளியவன் அப்படிச் சிறுபிள்ளைத்தனமாக இறங்குவேனா? கூட்டம் போட்டேன்.

போன மாதம்தான் எங்கள் அலுவலகத்தில் ‘நவீன இட மேலாண்மை’ என்ற பயிற்சி நடந்தது. கோட்டு போட்ட பயிற்சியாளர் ஒருவர் வந்து, பொருள்களுக்கும் உரிமை உண்டு என்று விளக்கினார். ஒவ்வொரு பொருளாகக் காட்டி, “இதற்காகப் பேசுவது யார்?” என்று கேட்க வேண்டும். பேச ஆள் இருந்தால் பொருள் தங்கும். இல்லையென்றால் அந்தக் கணமே வெளியேறும். கேட்டுவிட்டு எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்தப் பயிற்சிக்குப் பிறகு அலுவலகத்திலிருந்து ஒரு பழைய பேனாகூட வெளியே போகவில்லை. புதிதாக அலமாரிகள்தான் வந்தன. அவ்வளவு மனிதாபிமானமான முறை.

மகனும் மகளும் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். நான் செய்தித்தாள் கட்டின்மேல் அமர்ந்து தலைமை வகித்தேன். மனைவியிடம், “கூட்டம்னா டீ இல்லாம எப்படி?” என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

“முதல் பொருள், சைக்கிள். யார் பேசறீங்க?”

“நான்” என்றான் மகன். “திங்கக்கிழமையிலேர்ந்து ஓட்டப் போறேன்.”

“எந்தத் திங்கக்கிழமை?” என்றாள் மகள்.

“குறுக்கே பேசாதே. சைக்கிள் தங்கும். அடுத்தது அட்டைப் பெட்டிகள்.”

“வீடு மாறினா தேவைப்படும்பா.”

“நம்ம சொந்த வீடும்மா இது.”

“ஏன், மாறவே மாட்டோமா? இப்படி நம்பிக்கையே இல்லாமப் பேசாதீங்க.”

தொலைநோக்குப் பார்வை! பெருமையாக இருந்தது. பெட்டிகள் தங்கின. டேபிள் ஃபேனுக்காக நானே பேசினேன். கொஞ்சம் நீளமாகவே பேசினேன். என் பேச்சின் முடிவில் இருவரும் கொட்டாவி விட்டதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். செய்தித்தாள் கட்டுகளைத் தலைவரின் இருக்கை என்ற வகையில் யாரும் தொட முடியாது.

கடைசியில் ஜன்னலோரம் பாக்கி இருந்தது.

“தையல் மெஷின். இதுக்காக யார் பேசறீங்க?”

“அது அம்மாவோடதுப்பா” என்றாள் மகள்.

“யாரோடதுன்னு கேக்கலை. யார் பேசறீங்கன்னு கேட்டேன். அம்மா கூட்டத்துல இருக்காங்களா?”

“கிச்சன்ல டீ போடறாங்க.”

“அப்ப கூட்டத்துக்கு வரலைன்னு அர்த்தம்.”

மகன் தலையைச் சொறிந்தான். “நாளைக்குக் கிளாஸே அதுலதானே நடக்கணும்?”

“அதை அவங்க வந்து சொல்லணும். நீ அவங்களுக்காகப் பேசறியா?”

“ஐயோ, எனக்கு எதுக்கு வம்பு? என் சைக்கிள் தங்கினாப் போதும்.”

“அங்க என்ன, மெஷின் பேச்சு அடிபடுது?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“ஒண்ணுமில்லம்மா, சக்கரை கம்மியாப் போடு!” என்றேன்.

விதி என்றால் விதி. கட்டின மனைவி என்பதற்காக நான் சலுகை காட்டினால் நாளைக்கு யார் என்னை மதிப்பார்கள்? தெருவில் மூன்று சக்கர வண்டியோடு போய்க்கொண்டிருந்த பழைய சாமான்காரரைக் கூப்பிட்டோம். அவரும் மகனுமாக மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஹாலில் ஒரு மெஷின் அளவுக்கு இடம் காலியானது. எத்தனையோ வருடங்களில் முதல் முறையாகத் தரை தெரிந்தது! மகள் கைதட்டினாள்.

மனைவி டீத் தட்டோடு வந்தாள். ஜன்னலோரம் பார்த்தாள்.

“என் மெஷின் எங்கங்க?”

“தீர்மானம் நிறைவேறிடுச்சும்மா. அதுக்காகப் பேச ஆளில்லை.”

“நான் உங்களுக்கு டீ போட்டுட்டு இருந்தேன்.”

“அதுக்குக் கூட்டத்துல நன்றி தெரிவிச்சோம்” என்றேன். பதிவு செய்ய வேண்டிய உண்மை அது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தட்டைச் செய்தித்தாள் கட்டின்மேல் ‘ணங்’கென்று வைத்துவிட்டுப் படியில் தடதடவென்று இறங்கினாள். நான் பால்கனிக்கு ஓடினேன்.

“அண்ணே, நிறுத்துங்க! அதை இறக்குங்க!”

“ஓடற மெஷினாச்சேன்னு அப்பவே பார்த்தேம்மா” என்றார் பழைய சாமான்காரர். “யாரு இதைப் போட்டது?”

“கூடிப் பேசிப் போட்டாங்க.”

“அதான பார்த்தேன். தனியா யோசிச்சா இவ்வளவு தப்பு வராது.”

“மேல வாங்கண்ணே. நீங்க எடுத்துட்டுப் போக வேண்டியது வேற நிறைய இருக்கு.”

அதன்பின் நடந்ததில் முறையான அறிவிப்போ விவாதமோ கிடையாது. சைக்கிள் போனது. பெட்டிகள் போயின. ஃபேன் போனபோது, “தலைவர் அனுமதி இல்லாம...” என்று ஆரம்பித்தேன். நான் உட்கார்ந்திருந்த செய்தித்தாள் கட்டையே உருவினாள். துணிக்குவியல் அலமாரிக்குப் போக, சோஃபா வெளிப்பட்டது. பச்சை நிறம்! நாங்கள் மூவரும் நீலம் என்றே நினைத்திருந்தோம்.

மறுநாள் காலை நான்கு மாணவிகளும் வந்து உட்கார்ந்தார்கள். பளபளவென்ற ஹால், ஜன்னலோரம் மெஷின், கழுத்தில் அளவுநாடாவோடு மனைவி. அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. என் திட்டத்தின் வெற்றி கண்ணெதிரே இருந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு தொடக்க உரை ஆற்ற நடு ஹாலில் போய் நின்றேன்.

மனைவி என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

“நடுவுல வழியை மறிச்சுக்கிட்டு நிக்குதே, இதுக்காக யாராவது பேசறீங்களா?”

மகன் கூரையைப் பார்த்தான். மகள் செல்போனைப் பார்த்தாள். மாணவிகளில் ஒருவர், பாவம், நல்ல மனசு, “சார் என்ன வேலை செய்வார்க்கா?” என்று கேட்டார்.

“கூட்டம் போடுவார்.”

அந்த அம்மாவும் தலையைக் குனிந்துகொண்டார்.

“சரி, தூக்கிப் போட எனக்கும் மனசு வரலை” என்றாள் மனைவி, ஊசியில் நூலைக் கோத்தபடி. “கிச்சன்ல இத்தனை வருஷமா நான் ஒருத்திதான் நின்னேன். இப்ப அங்க இடம் காலியா இருக்கு. கொண்டுபோய் வைங்க.”