ஏரியில் நகர்ந்த டோனட் குடில்

ஆர்விட் சபதம் போட்டுவிட்டார். இனி டோனட்டை மனத்தாலும் தொடுவதில்லை. தினமும் நடை. உடம்பை இளைக்க வைக்காமல் விடுவதில்லை.

"கேட்டுச்சா வெர்னா? இன்னையிலேர்ந்து நான் புது மனுஷன்."

"பழைய மனுஷனுக்கே பேண்ட் இடுப்புல ஏறல. புதுசா வர்றவனுக்கு யாரு தைக்கிறது?" என்றாள் மனைவி. சொன்னதோடு நிற்காமல், வீட்டிலிருந்த இனிப்பையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய் தேவாலயத்தில் கொடுத்துவிட்டாள். தேன் புட்டிகூட மிஞ்சவில்லை.

சர்க்கரை ஏறியது டாக்டருக்குத் தெரியும். ஏன் ஏறியது என்பது ஆர்விட்டுக்கு மட்டும்தான் தெரியும். பள்ளிப் பேருந்து ஓட்டியவரைக்கும் வண்டி நிறையப் பிள்ளைகள் அவருக்குக் குட்மார்னிங் சொன்னார்கள். ஓய்வுபெற்ற பிறகு சொல்ல ஆளில்லை. வெர்னா நூலக வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது. தனிமை அவரைத் தின்றது. அவர் டோனட்டைத் தின்றார்.

அவர்கள் இருந்த அமெரிக்காவின் மினசோட்டாவில், குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் ஆளுக்கொரு மரக்குடிலை அதன்மேல் நிறுத்தி, பனியில் துளைபோட்டு மீன் பிடிப்பார்கள். ஆர்விட்டுக்கும் ஒன்று உண்டு. சபதத்தைப் பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டு, கடையில் வாங்கிய டோனட் பெட்டியைக் குடிலில் வைத்தார்.

ஒரே ஒரு சங்கடம். கரையோரம் இருந்த குடில் நாளுக்கு நாள் தள்ளித் தள்ளி நின்றது. பனி நகர்கிறது போலும் என்று எண்ணிக்கொண்டார். மூச்சு வாங்க நடந்துபோய், தன்னந்தனியாக உட்கார்ந்து, துளையைப் பார்த்தபடியே தின்பார். மீன்கூட எட்டிப் பார்க்காது. சில நாள் அழுகையே வந்துவிடும். அன்றைக்கு டோனட் உப்புக் கரிக்கும்.

பேண்ட் இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கியது. டோனட்டில் ஏதோ மருந்துச் சத்து இருக்கிறது என்று முடிவு கட்டினார்.

ஒரு காலை, குடில் அக்கரைக்கே போய் இன்னொரு குடிலை ஒட்டி நின்றது. உள்ளேயிருந்து எதிர்வீட்டு லாய்ட் வந்தார். மனைவியைப் பறிகொடுத்த பிறகு யாரோடும் பேசாதவர்.

"வந்துட்டியாப்பா? உன் குடிலை இழுத்து இழுத்து என் பனிவண்டிக்கே இடுப்பு போச்சு."

"நீயா இழுத்தே? யாரு சொன்னது?"

"உன் வீட்டம்மாதான். 'இந்த மனுஷன் தானா நடக்காது, டோனட் நடந்தா பின்னாலயே போயிடும்'னா. சரி, அதுல எனக்கும் ஒண்ணு கொடு."

பாதிப் பெட்டி லாய்டுக்குப் போயிற்று. பொழுது சாயும்வரை பேசினார்கள். அவ்வளவு பேசி வெகுநாளாகிவிட்டதால் ஆர்விட்டுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஆனாலும் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே!

வீட்டுக்கு வந்ததும், "என்னை முட்டாளாக்கிட்டே! நாளைக்கே குடிலைக் கரைக்கு இழுத்துட்டு வரேன், பாரு!" என்று கத்தினார்.

"தாராளமா இழு. உடம்புக்கு நல்லது."

"அம்மாம் பெருசை நான் ஒருத்தனா எப்படி இழுப்பேன்? துணைக்கு ஆள் வேணாமா?"

"அதுக்குத்தானே லாய்டைப் பக்கத்துல வச்சிருக்கேன்."