மீன்பாடி வண்டியில் பனிச்சறுக்கு

கள்ளிக்குப்பம்,
தை வெள்ளி.

அன்புள்ள தம்பி கஜபதிக்கு,

வடிவு அக்கா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நீயும் ஜெர்மனிக் குளிரும் ஒருவரையொருவர் அனுசரித்துப் போவீர்கள் என்று நம்புகிறேன். உன் பெண் ஜெயப்பிரியா பேரில் வெள்ளிதோறும் அம்மனுக்கு விளக்கு வைக்கிறேன். பனிக்கட்டிப் பாதையில் சின்னப் பலகைமேல் மல்லாந்து படுத்து, காலை முன்னால் நீட்டி, கார் வேகத்தில் இறங்குகிற பிள்ளைக்கு ஒரு விளக்கு போதுமா என்று தெரியாததால் இரண்டாக வைக்கிறேன்.

போனில் சொல்லாமல் கடுதாசி எழுதக் காரணம், வீட்டில் இருப்பது ஒரே போன். உன் மாமா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். விஷயமோ அவரைப் பற்றியது. மாசியில் நடக்கிற பிரியாவின் முதல் போட்டியை நீங்கதான் வந்து படம் எடுக்கணும் மாமா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாய். முப்பது வருஷம் கல்யாண வீட்டில் படம் எடுத்த மனுஷர். தாலி கட்டின மாப்பிள்ளையை, 'இன்னொரு வாட்டி கட்டுற மாதிரி கைய வைங்க' என்று நிறுத்திவைத்தே பழகியவர். அவருக்காக ஐயர் நிற்பார், மேளம் நிற்கும். பிரியாவின் பலகை நிற்குமா? தை மாத ஆர்டர் மூன்றையும் வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டு, ஓடுவதைப் படம் எடுக்கப் பழகுகிறார். முதலில் கொரட்டூரில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் வண்டி. நோட்டில் கணக்கு வைத்திருக்கிறேன்: நூற்றுப் பன்னிரண்டு படம். எழுபதில் வெறும் தண்டவாளம், நாற்பத்தொன்றில் கடைசிப் பெட்டியின் முதுகு, ஒன்றில் என் செருப்பு.

ரயிலெல்லாம் சரிப்படாது, ஆள்தான் வேண்டும் என்று எதிர்வீட்டு நாகப்பனைப் பிடித்தார். அவர் முன்னால் பலகை வைத்துச் சாமான் ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டி வைத்திருக்கிறார். போன ஞாயிறு காலை ஏரிக்கரைச் சரிவில் அந்த வண்டியின் முன்பலகையில் நாகப்பனை மல்லாத்தி, காலை முன்னால் நீட்டவைத்து, பனியின் வெள்ளைக்குக் கேமரா பழக வேண்டுமென்று நான் வெளுத்து வைத்திருந்த பூஜை வேட்டியைக் கழுத்துவரை போர்த்தி, பின்னால் நாகப்பனின் மச்சான் முனியனை உட்காரவைத்து, வண்டியைச் சரிவில் விடச் சொன்னார். தூசிக்குப் பயந்து நாகப்பன் கண்ணை மூடிக்கொண்டார். வண்டி இறங்க இறங்க எதிரே வந்தவர்களெல்லாம் பைக்கை நிறுத்திச் செருப்பைக் கழற்றினார்கள். ஒரு பூக்காரம்மா சாமந்தியை அள்ளிப் போட்டாள். உன் மாமா நடுரோட்டில் குனிந்துகொண்டு, "ரெடி, நாகப்பா, மூஞ்சிய இப்டித் திருப்பு, லேசா சிரி" என்கிறார். ஒரு பெரியவர் அவர் தோளைத் தொட்டு, "இன்னா நைனா, பொணத்தாண்ட போயி சிரிக்கச் சொல்லிக்கினு கீறே" என்றார். அதைக் கேட்டு நாகப்பன் சிரித்துவிட்டார். பூக்காரம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, நாகப்பன் சம்சாரம் ராஜகுமாரி மாரில் அடித்துக்கொண்டு வந்துவிட்டாள். புருஷன் எழுந்து உட்கார்ந்ததும் அழுகையை நிறுத்தி, "யோவ் போட்டோக்காரே, படுக்க வெச்சு எடுக்க என் புருசன்தான் கெடச்சானா? உன் ஊட்ல ஆளு இல்ல?" என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. வேட்டியை மூன்று தண்ணீரில் அலசியும் பூஜைக்கு எடுக்க மனசு வரவில்லை. இவ்வளவுக்கும் ஒரு படம்கூட விழவில்லை. ரெடி சொல்லி, எதிராளி அசையாமல் நின்றால்தான் அவர் விரல் அமுங்குகிறது.

அலுத்துவிட்டது தம்பி. இங்கே ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். அங்கே உன் முன்னாலும் பிரியா முன்னாலும் வெறும் பனியைப் படம் எடுத்துக்கொண்டு அந்த மனுஷர் நிற்கக் கூடாது. வெளியாளை உள்ளே விட மாட்டார்களாம் என்று நீயே அவரிடம் ஒரு பொய் சொல்லிவிடு. அந்தப் பாவம் என்னைச் சேரட்டும் என்று அம்மனிடம் பேசிவிட்டேன்.

உன் வீட்டில் எல்லாரையும் அந்த அம்மன் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
வடிவு அக்கா

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "வடிவு, நான் வரலன்னு கஜபதிகிட்டச் சொல்லிடு. நில்லுன்னா நிக்கிறவங்களத்தான் எனக்கு எடுக்கத் தெரியும்" என்றார். கேமராவைத் துடைத்துப் பையில் போட்டு பீரோ மேலே ஏற்றிவிட்டார். மோர்கூட வேண்டாமாம். மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை, அதனால் மேலே உள்ளதை நீ படிக்கவில்லை. மாமா வராவிட்டால் பிரியா பலகையில் ஏற மாட்டாளாம் என்று உடனே போன் போட்டு அவரிடம் சொல். பிரியாவிடம் மட்டும் தனியாகச் சொல்லிவை: ஏதாவது ஒரு வளைவில், அத்தைக்காக, கொஞ்சம் மெதுவாக வரட்டும்.