சாம்பிள் அண்ணாச்சி அனுப்பிய காலண்டர்

"ஆவணி, இரண்டாம் வெள்ளி, காலை 7.20. சாம்பிள் அண்ணாச்சி கூப்பிட்டார். போய் 'ஸ்டார்ட்' அமுக்கிக் கொடுத்தேன். நன்றி சொல்லவில்லை."

பழைய தினசரிக் காலண்டர் தாளின் முதுகில் நான் எழுதிவைத்த குறிப்பு இது. சிவகாசியில் எங்கள் தெருவில் அவரைப்போல் ஒரு பிடிவாதக்காரர் பிறந்ததில்லை. இனிப் பிறந்தாலும் தெரு தாங்காது.

காலண்டர் ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்டாக, சாம்பிள் ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர். கடைக்காரர் "வேண்டாம்" என்றால், "சரி, எத்தனை வேண்டாம்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளும் ரகம். நாற்பத்தைந்து வயதில் கண்நரம்பு கெட்டுப் பார்வை முழுதும் போனது. பிடிவாதம் அப்படியே இருந்தது.

வீட்டோடு இருந்தவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் வாள்சண்டை ஆட ஆரம்பித்தார். எதிரி இடப்பக்கம் வந்தால் காலடிச் சத்தம் இடக்காதில் கேட்கும், உடனே வெட்டு. பார்வையுள்ள என்னைப் பத்து நொடியில் கொன்றார். அவரை வீழ்த்த ஆளில்லை. ஆட்டத்தைத் தொடங்கிக் கொடுக்கத்தான் ஆள் வேண்டும். மற்றதையெல்லாம் வாசித்துக் காட்டும் அந்தக் கம்ப்யூட்டர், ஆட்டத்தின் முதல் பட்டியலான மெனு வந்ததும் ஊமையாகிவிடும். ஆகவே என் அச்சகத்தின் 7.30 வேன் வரும் நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"ஏ தம்பி! இங்கன வந்து ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் போய்யா!"

ஒருநாள் நான் வரத் தாமதமானதும் தானே அமுக்கினார். கீழே இரண்டு, ஒரு தட்டு என்று வரிசையை மனப்பாடம் செய்துவைத்திருந்தார். முந்தின நாள்தான் ஆட்டத்தைத் தயாரித்த கம்பெனிக்காரர்கள் வரிசையை மாற்றியிருந்தார்கள். தட்டு 'அழி' மேல் விழுந்து, அண்ணாச்சி நான்கு மாதம் வெட்டிப் பிடித்த ராஜ்யம் மொத்தமும் அழிந்தது.

"பேங்கு பேசுது, கரண்டு பில்லு பேசுது, இவனுகளுக்கு மட்டும் வாயில என்ன கொளுக்கட்டையா? விளையாடுறதுக்குக்கூட ஒருத்தரை வாசல்ல நின்னு கூப்பிடணும்னா, அது என்னய்யா விளையாட்டு?"

அன்றே அந்தக் கம்பெனியோடு ஆங்கிலத்தில் கடிதப் போர் தொடங்கியது. பட்டியலைப் பேசவையுங்கள் என்பது ஒரே கோரிக்கை. கடைசியில் ஒரு வரி: "மேலும், உங்கள் ஆட்டத்தில் வெடிக்கும் குண்டு நமத்துப்போன ஓலைவெடி மாதிரி இருக்கிறது."

"அதை மட்டும் எடுத்துருங்க அண்ணாச்சி."

"குறைன்னா முழுசாச் சொல்லணும்யா."

பெங்களூரிலிருந்து கம்பெனியின் பதில் வந்தது. அவர் கருத்து அவர்களுக்கு மிக முக்கியமாம். பிரச்சினை தெரியும்படி திரையைப் படம்பிடித்து, படம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டுமாம். எழுதியது இயந்திரமென்றால் மன்னித்துவிடலாம். மனிதர் என்றால் அவரைப் படிக்கவைத்தவர்களை நினைத்துத்தான் வருத்தம். அடுத்த கடிதத்துக்கு, காட்சிகள்தான் தங்கள் ஆட்டத்தின் உயிர் என்று பதில். மூன்றாவதற்குத் தொலைபேசியில் ஒரு மேதை கேட்டார்: "கண்ணு தெரியாதவங்களுக்கு எதுக்கு சார் வீடியோ கேம்?"

"நீங்க எதுக்கு ஆடுதீகளோ, அதுக்குத்தான்."

ஐப்பசியில் ஏஜெண்ட் புத்தி விழித்துக்கொண்டது. "சாம்பிள் காட்டாம எவன்யா ஆர்டர் குடுப்பான்?" என்றார். நான் புரூஃப் பார்க்கும் அச்சகத்திலேயே ஒரு தினசரிக் காலண்டருக்குச் சொன்னார்: அட்டை, தகரப்பட்டி, ஆணித்துளை எல்லாம் உண்டு, தாள்களில் ஒரு எழுத்தும் கூடாது. அதைப் பெங்களூருக்கே அனுப்பச் சொன்னார். கூடவே கடிதம்: "இதில் இன்று என்ன விசேஷம் என்று சொல்லுங்கள். உங்கள் ஆட்டம் எனக்கு இப்படித்தான் இருக்கிறது." முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். நான் புரூஃப் பார்த்ததில் பிழையே இல்லாத ஒரே வேலை அதுதான்.

கார்த்திகை, மூன்றாம் புதன், காலை 7.15. அவர் கைபேசியின் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். "சார், பெங்களூர்ல இருந்து பேசறேன். காலண்டர் வந்துச்சு. பக்கம் பக்கமா என்னமோ அச்சடிச்சிருக்கு. ஒண்ணும் புரியலை."

"அச்சடிச்சிருக்கா?" என்றார் அண்ணாச்சி.

பைண்டிங் பெண்களிடம் பிறகு விசாரித்தேன். "பாவம், கண்ணு தெரியாதவருக்குப் போயி வெறுந்தாளைக் கட்டிக் குடுத்துருக்காகளே" என்று மனமிரங்கி, நல்லதாக இந்த வருஷக் காலண்டர் ஒன்றை மாற்றி வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இரக்கப்படுகிறவர்கள் என்றைக்குக் கேட்டுவிட்டு இரங்கியிருக்கிறார்கள்?

அண்ணாச்சி ஒரு மூச்சுதான் எடுத்தார்.

"சரிம்மா. இன்னைக்கு ராகுகாலம் எப்பன்னு பார்த்துச் சொல்லுங்க."

"இங்க யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது சார். நானும் பேசுவேன், படிக்க வராது."

"தாள்ல எல்லாம் இருக்குல்லம்மா?"

"இருக்கு சார்."

"யாராச்சும் வாசிச்சுச் சொன்னா வெளங்குமா?"

"வெளங்கும் சார்."

"அம்புட்டுத்தாம்மா நான் கேக்கேன்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "மேலிடத்துல சொல்றேன் சார்" என்றது குரல்.

பங்குனி, முதல் திங்கள், காலை 7.20. குரல் வரவில்லை. 7.25 ஆயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ இயந்திரக் குரல் 'ஸ்டார்ட்' என்றது. அடுத்து வாள் உரசும் சத்தம். எட்டிப் பார்த்தேன்.

"யாரு, தம்பியா? வேனு வந்துரும், கிளம்புய்யா. இங்கன உனக்கு வேலை கிடையாது."

அதற்கும் நன்றி சொல்லவில்லை.

பட்டியலைப் பேசவைத்தது தன் காலண்டர்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிவருகிறார். கம்பெனி வெளியிட்ட அறிவிப்பில் 'சில சிறு திருத்தங்கள்' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. நான் இருமுறை எழுதிக் கேட்டேன். என் கருத்தும் அவர்களுக்கு மிக முக்கியமாம். எனவே காரணம் இன்னும் உறுதியாகவில்லை. அன்றைய தாளின் பின்னால் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். வேனுக்காக நான் இன்றும் அந்தச் சுவர் ஓரமாகத்தான் நிற்கிறேன், 7.20க்கே.