மூக்கரோடு ஒரு வைன் பயணம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மூக்கருக்குத் தெரியாமல் ஒரு வீட்டிலும் அப்பளம் பொரிக்க முடியாது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அவரோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்திருக்க மாட்டார்கள். மத்தியானம் நாங்கள் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கும் முன்னரே, "உதுக்குள்ளை நேற்றைய றால் குழம்பு. என்ன, வீட்டிலை சண்டையோ?" என்று கேட்பார். அநேகமாகச் சண்டையாகத்தான் இருக்கும். ஒருநாள் மேலதிகாரியின் அறைக்குள் போய்விட்டு வந்து, "ஆள் புதுச் சென்ற் பூசியிருக்கு. இடமாற்றம் கிடைச்சிட்டுது" என்றார். அடுத்த கிழமை மேலதிகாரி கொழும்புக்குப் போனார். மூக்கர் என்பது நாங்கள் வைத்த பெயர்; பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளம் போடுகிறவர்கள் மட்டும்தான் அறிந்திருந்தார்கள்.

அவர் ஓய்வுபெற்று, நாங்களும் ஒவ்வொருவராக ஓய்வுபெற்ற பிறகு, கனடாவுக்குப் போயிருந்த சிவம் ஊருக்கு வந்தான். அவனும் எங்கள் பழைய அலுவலகக்காரன்தான். கனடாவில் திராட்சைத் தோட்டம் தோட்டமாகப் போய் வைன் ருசி பார்ப்பார்களாம்.

"எங்கடை ஊரிலையும் திராட்சை இருக்கு, வீட்டு வைனும் இருக்கு. ஒருநாள் வெளிக்கிடுவம்" என்றான்.

ருசி பார்க்கப் போவதென்றால் மூக்கர் இல்லாமல் எப்படி? நான் போன் எடுத்துக் கேட்டேன். "நானும் வரவேணுமோ?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு, "ஓம், வாறன்" என்றார். காலையில் போனபோது ஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டோடு கேற்றடியில் நின்றார். வான் ஓட்டுவது நான் என்பதால் எனக்கு மணம் மட்டும்தான் என்று அந்தோனி தீர்ப்புச் சொன்னான். அவன்தான் எங்களில் நாலாவது ஆள்.

முதலில் புத்தூர். திராட்சைப் பந்தலுக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் ஒரு போத்தலைத் திறந்து ஊற்றினார். மூக்கர் கிளாசை வெளிச்சத்தில் பிடித்தார், கண்ணை மூடினார், மூக்கை உள்ளே விட்டார். வீட்டுக்காரர் மூச்சு விடாமல் நின்றார்.

"மழைக்குப் பிறகு பிடுங்கின பழம்" என்றார் மூக்கர்.

"ஐயா, மழைக்கு முந்தியெல்லோ பிடுங்கினனான்?"

"அப்ப, மழை வரப்போகுதெண்டு பழத்துக்குத் தெரிஞ்சிருக்கு."

எல்லோரும் சிரித்தோம். மூக்கர் சிரிக்கவில்லை.

அடுத்தது கீரிமலைக்குப் போகும் வழியில், கடற்கரையோரம் இருந்த அந்தோனியின் அக்கா பிலோமினா வீடு. நத்தார்ப் பண்டிகைக்கென்று போட்ட வைன் மிச்சம் இருக்கிறதாம். அக்கா குசினிக்குள் இருந்து ஒரு போத்தலைக் கொண்டு வந்து மூவருக்கும் ஊற்றினா. சிவம் ஒரு வாய் வைத்ததும் ஓடிப்போய்க் குரோட்டன் செடிக்குள் துப்பினான்.

"அக்கா, இது வினாகிரியெல்லோ!" என்று கத்தினான் அந்தோனி.

சமையலுக்கு வைத்திருந்த காடிப் போத்தல் மாறி வந்திருந்தது. கிளாசைக் கையில் எடுக்காத எனக்கே நின்ற இடத்தில் மூக்கைத் துளைத்தது. திரும்பிப் பார்த்தால், மூக்கர் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்திருந்தார்.

"அருமை. நத்தார் வைனெண்டால் இப்பிடித்தான் இருக்கவேணும்" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிளாசை மெதுவாக மேசையில் வைத்தார்.

"அந்தக் கொரோனாக் காய்ச்சலோடை எல்லாம் போச்சுது, தம்பி. மணமும் இல்லை, ருசியும் இல்லை. திரும்பி வரும் எண்டு டொக்டர் சொன்னவர், வரேல்லை. இப்ப குடிக்கேக்கை தொண்டை எரிஞ்சது மட்டும்தான் தெரிஞ்சது. வைனெண்டால் எரியும்தானே எண்டு நினைச்சன். வீட்டிலை பால் அடிப்பிடிச்சுக் கரியானாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து கத்தினால்தான் தெரியும்."

"ஏன் அண்ணை எங்களிட்டைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னால்? மூக்கில்லாத மூக்கரை ஆர் கூப்பிடுவினம்?"

பிலோமினா அக்கா அந்தக் கிளாசைக் கழுவி, சரியான போத்தலைத் தேடி எடுத்து ஊற்றிக்கொண்டு வந்தா.

"இந்தாங்கோ அண்ணை, பிடியுங்கோ."

"எனக்கேன் பிள்ளை? வீணாய்ப் போகும்."

"வீட்டுக்கு வந்த ஆளுக்குத்தான் ஊத்துறன். ருசி எப்பிடியெண்டு நான் கேட்டனானோ?"

வாங்கிக் குடித்தார்.

திரும்பும்போது முன்சீற்றில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். யன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்: "தம்பி, இப்ப என்ன மணக்குது?"

"கடல், அண்ணை."

"கடலெண்டால்? கருவாடோ, பாசியோ? ஒழுங்காய்ச் சொல்லும்."

தலையை வெளியே நீட்டி மோந்தேன். "கருவாடு. கொஞ்சம் பாசியும்."

தலையாட்டினார். கடலை விட்டு உள்ளே திரும்பியதும், "இப்ப வெங்காயம்" என்றான் பின்னால் இருந்த சிவம். "விசரே, அது புகையிலை" என்றான் அந்தோனி. வெங்காயமோ புகையிலையோ என்று இருவரும் பிடுங்குப்பட்டார்கள். மூக்கர் கண்ணை மூடியபடியே, "இந்தப் பக்கம் புகையிலைதான். அந்தோனி சொல்லுறது சரி" என்றார். ஒரு பழைய பஸ் கரும்புகை விட்டுக்கொண்டு எங்களை முந்தியது. மூவரும் ஒரே குரலில் "டீசல்!" என்று கத்தினோம். அன்று முதல்முறையாக மூக்கர் சிரித்தார்.

பட்டணம் வரும்வரை கண்ணாடி எல்லாவற்றையும் திறந்தே வைத்திருந்தோம். பின்னால் வந்த ஓட்டோக்காரர்கள் கோர்ன் அடித்துத் திட்டிக்கொண்டு முந்திப் போனார்கள். நான் மெதுவாகத்தான் ஓட்டினேன்.