முயல் பள்ளத்துக்குச் சிக்னல் வந்த கதை

ஒரு காட்டில் டவர் இருந்தது, சிக்னலும் இருந்தது. பாறைக்குப் பின்னால் பள்ளத்தில் குடியிருந்த முயல்களுக்கு மட்டும் அது எட்டவில்லை. இதிலென்ன குடி முழுகிப் போச்சு என்கிறீர்களா? முழுகித்தான் போச்சு. முன்பெல்லாம் புலி கிளம்பினால் மந்தி மரத்து உச்சியிலிருந்து கத்தும். இப்போது மந்தி தொண்டையைக் கெடுத்துக்கொள்வதில்லை, போன் குரூப்பில் போட்டுவிடுகிறது. மான்கள் பார்த்துவிட்டு ஓடும். முயல்கள் பாட்டுக்குப் புல் மேய்ந்துகொண்டிருக்கும்.

அப்படித்தான் பூவாயி என்ற முயல் புருஷனைப் பறிகொடுத்தது. அழுதுகொண்டே மந்தியிடம் போனது.

"எங்க பக்கம் வந்து ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே மந்தியக்கா. குட்டிகளையாவது நான் காப்பாத்தணும்."

"நான் போட்டேனே தாயி. உங்களுக்கு வந்து சேரலைன்னா நான் என்ன பண்ண?"

பூவாயி சும்மா இருக்கவில்லை. காற்றில் பறந்து வந்து கிடந்த கூரைத் தகரம் ஒன்றை எல்லா முயல்களும் சேர்ந்து பாறை உச்சிக்கு இழுத்துப் போயின. டவரைப் பார்க்கச் சாய்த்துப் பிடித்தால் சிக்னல் அதில் பட்டுத் திரும்பிப் பள்ளத்தில் விழுந்தது. சாய்வு கொஞ்சம் மாறினால் வேறு இடத்தில் விழுந்தது. காற்றடித்தால் தகரத்தோடு முயல்களும் உருண்டன.

அப்போது கிழப் புலி வந்தது.

"நான் பிடிச்சுக்கறேன் தாயி. முட்டி போயிருச்சு, இனி ஓட முடியாது. புண்ணியமாவது சேரட்டும்."

ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான். பூவாயிக்கு அது தெரியாமலில்லை. ஆனால் புலியின் கையில் தகரம் இருக்கும்வரை அந்தக் கையில் முயல் இருக்க முடியாதே என்று கணக்குப் போட்டது. கெட்டிக்காரி.

புலி தகரத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியது. "காத்து மாறுது, இந்தப் பக்கம் தள்ளி வாங்க" என்றது. முயல்கள் போனைப் பிடித்துக்கொண்டு, எத்தனை கோடு தெரிகிறது என்று பார்த்தபடியே நகர்ந்தன. குட்டிகளுக்குச் சேதி தப்பிவிடக் கூடாதே என்று பூவாயி எல்லாருக்கும் முன்னால் போனது. ஒருத்தரும் தலையை நிமிர்த்தவில்லை.

ஒரு மத்தியானம் சிக்னல் முழுசாகப் புலியின் குகை வாசலில் விழுந்தது. புலி தகரத்துக்குக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுப் பின்பக்கமாகக் குகைக்குள் இறங்கியது.

மந்தி கடமை தவறவில்லை. உடனே குரூப்பில் போட்டது: "புலி குகைக்குள் போய்விட்டது. யாரும் பயப்பட வேண்டாம்."

பூவாயி படித்தது. குட்டிகளுக்கும் படித்துக் காட்டியது. "இன்னைக்குப் பயமில்லை, நல்லா மேயுங்க கண்ணுங்களா" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் குகை வாசலிலேயே உட்கார்ந்தது.

மந்தியின் போனில் வரிசையாக நீல டிக் விழுந்தது. அதற்குப் பிறகு முயல்களிடமிருந்து ஒரு புகாரும் வரவில்லை.

நீதி: சாகிறவர் சாகட்டும், சேதி போய்ச் சேர்ந்ததா, அதைப் பார்.