புகைபோக்கியும் நாகய்யாவின் பாவும்

விதிமுறை தெரிந்தவன் தவறு செய்யமாட்டான் என்று இருபத்து நான்கு வயது வரை நம்பியிருந்தேன். அதன் பிறகும் நம்பினேன் என்பது வேறு விஷயம்.

யுத்த காலம். திருத்தணி தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. நெசவாளர் தெருவில் மேற்கு வரிசையில் ஒரு குட்டி ஓட்டு வீடு. நான் நிமிர்ந்து நின்றால் தலை உத்தரத்தில் இடிக்கும். (ஆபீசில் நிமிர்ந்து நிற்கும் வழக்கம் இல்லாததால் வீட்டிலும் சமாளித்தேன்.) சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. விறகைப் பற்றவைத்தால் என் மனைவி கோமளத்தை இருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கல்யாணமாகி ஐந்தே மாதத்தில் அவள் கண் எப்போதும் சிவந்திருந்தது.

அதைப் பார்த்துவிட்டுப் போன மாமனார் அரக்கோணத்திலிருந்து கடிதம் எழுதினார். அடுத்த ஞாயிறு காலை வருவாராம். அதற்குள் புகைக்கு வழி செய்யாவிட்டால், நல்ல வீடு கிடைக்கும் வரை பெண் அவரோடு இருக்கட்டும் என்றிருந்தார். கடிதத்தில் கோபமே இல்லை. அதனால் பயந்துபோனேன்.

கட்டட விதிகள் பற்றிய புத்தகம் ஒன்றை ஆபீஸ் அலமாரியிலிருந்து எடுத்துவந்து இரண்டு இரவு படித்தேன். வீட்டுக்காரருக்கு வரைபடத்தோடு மூன்று பிரதிகளில் விண்ணப்பம் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஓடுகளை உடைக்காமல் எடுத்தால் சரி என்று வாயாலேயே உத்தரவு கொடுத்தார்.

காலி மண்ணெண்ணெய் டின்களை வெட்டித் தகரக்காரர் குழாய் செய்துகொடுத்தார். "உள்ள எண்ணெய் ஒட்டிகினு கீதுங்க. வெளியில வெச்சு ஒருக்கா சுட்டுட்டு மாட்டுங்க" என்றார். புத்தகத்தில் அப்படி எந்த விதியும் இல்லை என்று அவருக்கு விளக்கினேன். அவர் பீடி பற்றவைத்தார்.

சனிக்கிழமை கூரையேறி, நாலு ஓடுகளை எடுத்துக் குழாயை நிறுத்தினேன். சந்துகளைச் சுண்ணாம்பால் அடைத்தேன். மழை இறங்காதபடி குழாயின் மேல்வாயை வளைக்க வேண்டும். வளைத்த வாய் காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். இது விதி. ஆடி மாதம், காற்று மேற்கே இருந்து வீசியது. ஆகவே வாயைக் கிழக்கே திருப்பினேன். கிழக்கே என்ன இருக்கிறது என்று புத்தகம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கிழக்கே தெரு இருந்தது. ஞாயிறு காலை அந்தத் தெரு நீளத்துக்கு, எதிர்வீட்டு நாகய்யா வேட்டிக்கான பாவு நூலை, தறியில் நீளவாக்கில் ஏற்றும் வெள்ளை இழைகளை, கஞ்சி தோய்த்து இழுத்துக் கட்டியிருந்தார். ஈரம் காயாத நூல்.

மாமனார் ரயிலை விட்டு இறங்கியிருப்பார் என்று கணக்குப் போட்டு அடுப்பை மூட்டினேன். புகை ஒரு நூலிழைகூட வீட்டுக்குள் தங்கவில்லை. கோமளம் முதல்முறையாக இருமாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஐந்து மாதத்தில் அந்தச் சமையலறையில் அவள் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

பிறகு தெருவில் எல்லாச் சத்தமும் நின்றது. வெளியே போனேன். குழாய்க்குள் ஒட்டியிருந்த எண்ணெய் கரிந்து, கரி பூப்பூவாகப் பாவு மேல் இறங்கி, ஈரக் கஞ்சியில் பதமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

நாகய்யா கத்தவில்லை. என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், கரை போட்ட வேட்டி நெய்வோம். கரி போட்டது இதான் மொத தபா" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் காற்றின் திசை பற்றிய விதியைச் சொல்ல ஆரம்பித்தேன். "ஆங், காத்துக்கு முதுகு. எங்களுக்கு மூஞ்சியா?" என்றார்.

அந்த நேரத்தில்தான் மாமனார் பையோடு வந்து சேர்ந்தார். பாவைப் பார்த்தார். நேரே உள்ளே போய், எரிகிற அடுப்பருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். வெளியே வந்தபோது அவர் கண் கலங்கவில்லை. என் கண்தான் கலங்கியிருந்தது.

"வூட்டுக்குள்ள புகையே இல்ல. நான் சொன்னபடி மாப்ள செஞ்சிட்டாரு" என்று மகளைப் பார்த்தார். "தெருவு முழுக்க விரோதம். இங்க எப்படி இருப்ப? கிளம்புறியாம்மா?"

கோமளம் பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் வந்துட்டா இவர யாரு பாத்துக்குவாங்க, நைனா? அடுத்தது யார் வூட்டு மேல ஏறுவாரோ" என்றாள். முதலில் சிரித்தது நாகய்யாதான்.

அந்தக் கரிப் பாவை அவர் அப்படியே நெய்தார். அந்த வேட்டிகளை எல்லாம் நான்தான் வாங்கிக் கட்டித் தீர்த்தேன். ஆடிக் காற்று அடங்கியதும் புகைபோக்கியின் வாயைக் கொல்லைப்பக்கம் திருப்பியது நாகய்யா; புத்தகம் பார்க்காமல் செய்தார்.

நான் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. இன்றும் ஆணியடிக்கச் சுத்தியலைக் கையில் எடுத்தால் போதும், கோமளம் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துச் சொல்கிறாள்: "துணி காயப்போட்டவங்க எடுத்துக்குங்க. எங்க வூட்டுக்காரரு வேலை செய்யப்போறாரு."

யாரும் காரணம் கேட்பதில்லை. எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.