உரக்கச் சொல்லிப் படிக்கும் முறை

இனிமேல் வீட்டில் ஒரு துரும்பையும் நகர்த்துவதில்லை என்று முடிவு செய்தேன். கொதிகலன் இயக்குநர் தேர்வுக்கு நாற்பத்தைந்து நாள்தான் இருந்தது. புத்தகம் அறுநூறு பக்கம். இரண்டு முறை தோற்றாகிவிட்டது. இம்முறையும் தோற்றால், அதே ஆலையில் வேலை பார்க்கும் என் மச்சினன் எனக்கு மேலதிகாரியாகிவிடுவான். இப்போதே என்னைக் கண்டால் தொண்டையைச் செருமிக்கொள்கிறான்.

மனைவியிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். பாடப்புத்தகத்தை முதல் வரியிலிருந்து படிக்கிறவன் ஏமாளி. முதலில் பாடத்தின் கடைசியில் உள்ள கேள்விகள். பிறகு தலைப்புகள், படங்கள். அதன்பின் புத்தகத்தை மூடிவிட்டு, விஷயம் தெரியாத ஒருவருக்கு உரக்க விளக்க வேண்டும். ஆகவே வீட்டு வேலை எதுவும் என்னை அண்டக்கூடாது.

அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"விஷயம் தெரியாத ஆள் நான்தானே?"

"வேற யாரு?"

"அப்ப சமையக்கட்டுக்கு வாங்க. எனக்கு உக்கார நேரமில்ல."

போனேன். அங்கேதான் பிசகினேன். பாதுகாப்பு வால்வைப் பற்றித் தொடங்கியதும் கையில் பாத்திரம் தேய்க்கிற நாரைக் கொடுத்தாள். சும்மா இருந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடுமாம். பொய்யில்லை. நாற்காலியில் படித்த காலத்தில் நான் மூன்றாம் பக்கத்தைத் தாண்டியதில்லை.

இரண்டாம் வாரம் அவள் முக்காலியில் அமர்ந்து, புத்தகத்தை மடியில் விரித்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். உட்கார நேரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் கையில் வாணலி இருந்தது.

"வால்வு திறக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?"

சொன்னேன்.

"புரியலையே. முதல்லேர்ந்து சொல்லுங்க."

கழுவாத பாத்திரம் இருக்கும்வரை அவளுக்குப் புரியாது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. கடைசிக் கரண்டி கவிழ்ந்ததும் சட்டென்று புரிந்துவிடும். துணி துவைக்கையில் நீர் சுத்திகரிப்பு. ஜன்னல் துடைக்கையில் புகைபோக்கி. அத்தியாயம் பெரிதென்றால் போர்வைகளையும் ஊறவைத்துவிடுவாள்.

ஆனால் தேறிவிட்டேன். ஆலையிலேயே முதல் மதிப்பெண். மச்சினனே தேடி வந்து கைகுலுக்கினான். வீட்டுக்கு வந்து, சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இனிப் படிக்க எதுவுமில்லை என்று அறிவித்தேன்.

"இது ரெண்டாம் வகுப்புச் சான்றிதழ்தானே" என்றாள். "முதல் வகுப்புக்கு விண்ணப்பம் எழுதி வெச்சிருக்கேன், கையெழுத்து போட்டாப் போதும். என் தம்பி புத்தகம்கூட வாங்கிக் குடுத்துட்டான். ரெண்டு பாகம்."